வியாழன் வெறும் வேடிக்கையா?

ஆசிரியருக்கு,

வியாழனை ஆராயும் விண்கலங்கள் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். 2016 முதல் அக்கோளைச் சுற்றிவரும் ஜூனோவையும், 2030-இல் அங்கு சேரவிருக்கும் யூரோப்பா கிளிப்பரையும் பாராட்டிவிட்டு, நமக்கு இவை தூரத்து வேடிக்கை என்று முடித்திருப்பதை ஏற்க இயலவில்லை. ஜூனோவின் கேமரா அனுப்பும் மூலப்படங்களை எவரும் இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கலம் சுழன்றபடியே படமெடுப்பதால் அவை கறுப்பு வெள்ளைக் கீற்றுகளாகவே வரும். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளில் பதிவான கீற்றுகளைப் பொருத்தி வண்ணப்படமாக்குவோரில் பலர் சாதாரண ஆர்வலர்கள்தாம்.

கோபி அருகே அரசுப் பள்ளியில் பணியாற்றியபோது மாணவர்களிடம் இவ்வேலையைக் கொடுத்தேன். விளிம்புகள் ஒட்டாமல் மல்லுக்கட்டினார்கள். ஒருவழியாகப் பட்டைகள் தெளிந்ததும், "பவானி ஜமுக்காளம் மாதிரியே இருக்கிறது, சார்" என்றாள் ஒரு மாணவி. (அவள் வீட்டில் தறி உண்டு.) பாடநூல் படத்தை அவர்கள் அப்படி உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் இதற்கான கணினியும் இணையமும் ஏற்கெனவே உள்ளன. கோவை மண்டல அறிவியல் மையம் கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு இதில் பயிற்சி அளிக்கலாம். மாணவர்கள் உருவாக்கும் படங்களைத் தங்கள் நாளிதழ் மாதம் ஒன்றாவது வெளியிடலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.