“அதுக்குக் கொழுப்பு”

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் நம் விஞ்ஞானிகளை, அவர்கள் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கை வைத்து வரிசைப்படுத்தியிருந்தீர்கள். அந்தக் கணக்கில் வராத ஒன்றை, யானைகளை ஆராயும் ராமன் சுகுமாரின் வேலையைப் பற்றிச் சொல்ல எழுதுகிறேன். தாளவாடி மலையில் நாலு ஏக்கர் மானாவாரி ராகி போடுகிறவன் நான்.

விலங்கியல் முதுகலை படிக்கும் மகள் பொங்கல் லீவுக்கு வந்தபோது இரண்டு ஆங்கிலக் கட்டுரைகளை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்று 1988இல் வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவருடைய ஆசான் மாதவ் காட்கிலும் சேர்ந்து எழுதியது. மற்றது சுகுமார் மட்டும் எழுதியது, 1990. இரண்டும் பயிர் மேயும் யானைகளைப் பற்றி. திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆய்வு நடந்த இடம் சத்தியமங்கலம், சாம்ராஜ்நகர் காடுகள் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்பதுகளின் தொடக்கத்துக் களப்பணி. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது; ராத்திரியெல்லாம் அப்பாவோடு பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டிக்கொண்டிருந்தேன்.

பெண் யானைக் கூட்டம் எப்போதாவதுதான் வரும், தனியாகத் திரியும் கொம்பன், அதாவது தந்தமுள்ள ஆண் யானை, விடாமல் வரும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால் அப்பா, “அதுக்குக் கொழுப்பு” என்பார். சுகுமாரும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார், அளந்து பார்த்துச் சொல்கிறார். காட்டுப் புல்லைவிட ராகியிலும் நெல்லிலும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உப்புச் சத்தும் கூடுதல். உடம்பு வைத்த கொம்பன்தான் மற்றதை விரட்டிவிட்டு ஜோடி சேரும். அந்த லாபத்துக்காக வெடிச் சத்தத்துக்கும் வேலிக்கும் துணிந்து வயலில் இறங்குகிறது. குட்டிகளோடு திரியும் பெண் யானைக்கு அந்தச் சூதாட்டம் கட்டுப்படியாகாது. டார்ச் வெளிச்சத்தில் நானே பார்த்திருக்கிறேன்: தட்டையை வேரோடு பிடுங்கி, முன்னங்காலில் ரெண்டு தட்டுத் தட்டி மண்ணை உதறிவிட்டு, கதிர்ப் பக்கத்தை மட்டும் கடித்துக்கொண்டு மிச்சத்தை வீசிவிடும். எதில் சத்து இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழகிப்போன சில கொம்பன்களைப் பிடித்து அகற்றினாலே சேதம் குறையும், ஓர் ஆண் பல பெண்களோடு சேர்வதால் இனப்பெருக்கமும் கெடாது என்பது அவர் வாதம். ஆனால் தந்தத்துக்காக ஆண்களையே குறிவைத்துச் சுட்டதில் ஆண்-பெண் விகிதம் கோணிப்போனதையும் எழுதியவர் அவர்தான். எனவே கண்ட கொம்பனையெல்லாம் பிடி என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 ஏப்ரலில், பலமுறை தப்பிய பிறகு, எங்கள் பக்கத்தில் திரிந்த கருப்பன் என்ற ஆண் யானை பிடிபட்டபோது டீக்கடையில் இதே வாதத்தைத்தான் பேசினோம். அதற்குள் அந்தக் கட்டுரைகளுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது.

சுகுமாருடைய மற்ற வேலைகளையும் மகள் சொன்னாள். முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டில், ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள செடிவரை எல்லாவற்றுக்கும் எண் தகடு கட்டி, எது செத்தது எது முளைத்தது என்று 1988இலிருந்து ஆண்டுதோறும் பார்த்து வருகிறார்களாம். வரவு செலவு நோட்டை நாலு மாதம் ஒழுங்காக எழுத முடியாத எனக்கு அதுதான் மலைப்பு. நீலகிரிச் சேற்றுநில மண்ணை வைத்துப் பழங்காலப் பருவநிலையைக் கணித்தது எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. 2006இல் ஜப்பானின் காஸ்மாஸ் பரிசு கிடைத்திருக்கிறது. சந்தோஷம்.

என் மனக்குறை ஒன்றுதான். ஆப்பிரிக்க யானையை ஆராய்கிறவர்கள் வரை எடுத்தாளும் ஒரு விஷயம், அது பிறந்த மலையில் இருக்கும் எனக்கு, மகள் காலேஜுக்குப் போன பிறகுதான் தெரிய வந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. காட்டில் அளப்பதும் எழுதுவதும் அவர் வேலை. அதைத் தமிழில் கொண்டுவந்து சேர்ப்பது உங்கள் வேலை இல்லையா? வேளாண் பக்கத்தில் ரெண்டு பத்தி போதும். பால் பிடிக்கும் ராகிக்கு எந்த யானை, எதற்காக வருகிறது என்று போடுங்கள்.

ஐப்பசிக்கு முன்னால் வந்தால் நல்லது. அதற்கப்புறம் நான் பரண்மேல் இருப்பேன், பேப்பர் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
ராகி விவசாயி ஒருவன்,
தாளவாடி, ஈரோடு மாவட்டம்.