நேற்று ராத்திரி பதினொன்றரைக்குக் கடை திறந்திருந்ததாம்

அன்புள்ள தம்பிக்கு,

தீபாவளிக்கு மறுநாள் என் டைப்பிங் கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக ஓட்ட லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுவிட்டு, "மூணு நாள்ல பழகிடும்க்கா" என்று சொல்லி சிங்கப்பூர் பஸ் ஏறினாய். மூன்று மாதம் ஓடிவிட்டது. வாட்சப்பில் ஏதாவது கேட்டால் பெரும்பாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம்தான் உன்னிடமிருந்து வருகிறது. அதனால்தான் இப்படி எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

முதலில், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி ஐயா விஷயம். போன மாதம் ஒருநாள் காலை ஏழரைக்கே வந்துவிட்டார், பசியாறக்கூட இல்லை. கையில் பென்டிரைவ், அதில் ஓர் அலுவலகத்துப் படிவம். லினக்ஸில் திறந்தால் படிவம் வரவில்லை, இதைக் காட்ட முடியாது என்று ஒரு வரி மட்டும் வந்தது. நீ ஓரமாக விட்டுவைத்துப் போன விண்டோஸுக்குள் போய் நிரப்பி, பிரிண்ட் எடுத்து, பில்லும் கொடுத்தேன். பில்லைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர், "ஏம்மா, நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு நான் உன் கடைக்கு வந்தேனா? வீட்டுல பார்த்தா எனக்குச் சோறு கிடையாது" என்றார்.

காரணத்தை நீதான் சொன்னாய். மதர்போர்டில் சின்ன பேட்டரியில் ஓடும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மலேசியாவில் நாம் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால் இருப்பதால் பில்லில் எட்டு மணி நேரம் குறைந்துவிட்டது. நீ அனுப்பிய ஒரு வரிக் கட்டளையைப் போட்டதும் சரியானது. இதை ஐயாவிடம் சொன்னபோது அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. 1982 பிறந்தபோது தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்களே, அப்போது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்றால் பக்கத்தில் நிற்பவன் முகமே தெரியாத இருட்டாம். பேர் கூப்பிட இவர் டார்ச்லைட் பிடித்துக்கொண்டு நிற்பாராம். அரை மணி நேரம் பேசினார். படிவக் காசைக் கொடுக்க மறந்து போய்விட்டார், அது வேறு கதை.

எதற்கு மாறினேன் என்று சுங்கை சிப்புட்டில் கேட்காத ஆள் இல்லை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு கதவைச் சாத்திவிட்டார்கள். பதிந்துகொண்டால் இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும், அதற்குப் பிறகு? விண்டோஸ் 11 என் கம்ப்யூட்டரை ஏற்காது. இன்டெல் சிப்பில் எட்டாம் தலைமுறையாவது வேண்டுமாம், என்னுடையது ஆறு. ஈப்போவில் ஒரு கடைக்காரர் தொட்டுக்கூடப் பார்க்காமல், "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்றார். ஒரு ரப்பர் மரத்திலேயே இருபத்தைந்து வருஷம் பால் வெட்டிய குடும்பம் நம்முடையது. பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது. பத்து வருஷம்கூட ஆகாத பெட்டியைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. நீ போட்ட லினக்ஸ் மிண்ட் 22க்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு என்றாய். அது போதும்.

ஆனால் நீ சொன்ன மூன்று நாள் கணக்கு ஆங்கிலத்தில் தட்டுகிறவனுடைய கணக்கு, தம்பி.

இருபது வருஷமாக முரசு அஞ்சல் மென்பொருளில் ஒலியை வைத்துத் தட்டிய கை இது. அம்மா என்று எழுத ஆங்கில எழுத்தில் ஏ, எம், எம், ஏ, ஏ. நீ தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்துவிட்டாய். உயிர் எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஆங்கில எச் விசையைத் தட்டினால் க. முதல் வாரம் ஒரு கருமாதி நோட்டீஸ், கால் மணி நேர வேலை, ஒன்றரை மணி நேரம் எடுத்தது. துக்க வீட்டுக்காரர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நான் ஒற்றை விரலால் ழ எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன். உன்னைத் திட்ட நான் கூப்பிடாத தெய்வம் இல்லை. இப்போது விரலுக்குப் பிடித்துவிட்டது. ம-வை இரண்டு தடவை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுகிறதே, அதற்காகவே மன்னித்தேன். விண்டோஸை விட்டு வந்தவளுக்கு, தமிழுக்கு மாற விண்டோஸ் படம் போட்ட பொத்தானோடு ஸ்பேஸ் பாரையும் அமுக்க வேண்டியிருப்பதுதான் சிரிப்பு.

வாத்தியார்கள் கொண்டு வரும் பரீட்சைத் தாள் இன்னொரு பாடு. விண்டோஸின் லதா எழுத்துருவில் தட்டிய தாள் இங்கே வேறு எழுத்துருவில் திறக்கும், இரண்டு பக்கம் மூன்றாகும், படம் ஒரு பக்கத்திலும் கேள்வி அடுத்த பக்கத்திலும் போய் உட்காரும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு வந்தால்தான் பிரிண்ட் என்று இப்போது சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன். பிரிண்டர் சிடி இல்லாமலே ஓடுகிறது, அதில் குறையில்லை. ஸ்கேனருக்கு இரண்டு வாரம் ஆனது.

பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் திறந்தபோதுதான் வயிறு கலங்கியது. ஒரு தமிழ் எழுத்து இல்லை, கொம்பும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகள் வரி வரியாக. எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழை ஒரே மாதிரி காட்ட வைக்கும் யூனிகோட் முறை புழக்கத்துக்கு வருவதற்கு முந்திய காலத்துக் கோப்புகள் அவை. உள்ளே இருப்பது அந்தக் கொம்பு எழுத்துகள்தான், அவற்றுக்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டியது அந்தக் காலத்து எழுத்துரு. அது லினக்ஸ் பக்கத்தில் இல்லையென்றால் முகமும் இல்லை. விண்டோஸ் பக்கத்திலிருந்து எழுத்துருக்களை எடுத்து இங்கே போட்டதும் ஒவ்வொன்றாக உயிர் வந்தது. மாப்பிள்ளை பெண் பெயர்கள், மண்டப முகவரிகள், ராத்திரி எட்டு மணி விருந்து. அதில் பாதிப் பேர் இப்போது பிள்ளைகளுக்குப் பத்திரிகை அடிக்க வருகிறார்கள்.

அவற்றையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன், கூட்டமில்லாத மத்தியானத்தில் இரண்டு மூன்று. நேற்று வந்தது உன்னுடைய காதுகுத்துப் பத்திரிகை, 2003. சித்தப்பா பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப் போயிருக்கிறது. அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, தட்டிய நானும்தான். திருத்தலாமா என்று யோசித்து, அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது வாங்கிக்கொள். கலர் பிரிண்ட், ஒரு வெள்ளி ஐம்பது காசு.

அன்புடன்,
அக்கா