ஆண்டறிக்கை 2024–25: புல்லுக்கு நடுவே உளுந்து

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிக்கிறார். தீர்மானப் புத்தகம் மேசையில் இருக்கிறது, வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். நான் சொல்ல வந்தது எண்ணெய் வடிக்க நட்ட எலுமிச்சைப்புல் சங்கதி.

2024-இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை. ஜூலை 28-இல்தான் திறந்தது. ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்களுக்குக் குறுவை போனது. அந்த ஆடியில்தான் நம்மில் சிலர் போர்வெல் உள்ள மேட்டுக் கொல்லையில் எலுமிச்சைப்புல் நட்டார்கள். நஞ்சையில் யாரும் நடவில்லை, நடவும் கூடாது. தண்ணீர் தேங்கினால் தூர் அழுகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் வயலில் தேங்காத நாள் ஏது?

நட்டது கிருஷ்ணா ரகம், வரிசைக்கு வரிசை 60 செ.மீ. நடுவே ஒரு வரிசை உளுந்து போட்டால் இரு பக்கமும் 30 செ.மீ. கிடைக்கும்; தனிப்பயிராகப் போட்டாலும் உளுந்துக்கு அவ்வளவுதான் விடுகிறோம். புல் முதல் அறுப்புக்கு வர மூன்று, நான்கு மாதம் ஆகும். உளுந்து 65, 70 நாளில் களத்துக்கு வந்துவிடும். புரட்டாசி முடிவதற்குள் உளுந்தை அடித்தவர்களுக்குக் களையெடுத்த கூலியும் நடுவதற்குப் புல் தூர் வாங்கிய செலவில் ஒரு பங்கும் திரும்பியது. சிலர் வீட்டில் மிச்சமிருந்த ஆடுதுறை 3 விதையைப் போட்டார்கள். அது தை மாதம் நெல் அறுத்த தரிசில் போடப் பேர் போன ரகம். வம்பன் 8 ரகம் போட்ட கொல்லைகளில் மஞ்சள் தேமல் நோய் குறைவாகவே தெரிந்தது.

உளுந்தின் வேர்முடிச்சு தழைச்சத்து தரும், இனி யூரியாவே வேண்டாம் என்று கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. அவ்வளவு நம்ப வேண்டாம். ஒவ்வொரு அறுப்பிலும் வண்டி வண்டியாகத் தழை வெளியே போகிறது. அறுத்தபின் உரம் வைத்தே ஆகவேண்டும். அடுத்த ஆண்டும் இதே இடைவெளியில் உளுந்து போடலாம் என்பதும் நடக்காது. அறுத்த புல் இரண்டு, இரண்டரை மாதத்தில் மறுபடி அறுப்புக்கு வந்துவிடும், நிழலில் உளுந்து காய்க்காது.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிய மழையில் பள்ளமான ஓரங்களில் தூர் போனது. வடிகால் வெட்டியவர்கள் தப்பினார்கள். மழையில் அறுத்தால் எண்ணெய் குறையும் என்பதால் முதல் அறுப்பு தைக்குத் தள்ளிப்போனது.

அப்புறம் புல்லிலிருந்து எண்ணெய் வடிக்கும் கொப்பரை. ஒரு டன் பச்சைப் புல்லுக்குச் சுமார் 5 கிலோ எண்ணெய்தான் வடியும். மிச்சமெல்லாம் சக்கைக்கும் தண்ணீருக்கும் கொடுக்கும் லாரி வாடகை. அறுத்ததை ஒரு நாள் நிழலில் வாட வைத்தால் எடை குறையும், ஆனாலும் தூரத்து வடிப்பாலைக்கு ஏற்றினால் கட்டாது. பக்கத்தில் கொப்பரை அமையும்வரை யாரும் மூன்று மாவுக்கு (சுமார் ஒரு ஏக்கருக்கு) மேல் நட வேண்டாம் என்பது என் கருத்து. குழுவில் இதற்கு எதிர்ப்பும் உண்டு. கொப்பரைக்கு மானிய மனு கொடுத்தாயிற்று, பதில் இன்னும் வரவில்லை. வடித்த சக்கை வீணில்லை, அடுப்பெரிக்கலாம், மூடாக்குப் போடலாம்.

மாசியில் நட்டுப் பச்சைப்பயறு ஊடுபயிர் போட்டவர்கள் பாடு வேறு. அறுத்த வயல்களில் கிடை போட வந்த ஆடுகள் புல்லை மோந்துவிட்டு ஒதுங்கின, பயறை ஒன்று விடாமல் மேய்ந்தன. ஆடு தொடாத பயிர் என்று வாங்கும்போது சொன்னார்கள், பாதிதான் உண்மை. வேலி இல்லாமல் மாசிப் பட்டம் வேண்டாம்.

கடலோர உறுப்பினர்கள் உவர் மண்ணுக்கு வழி கேட்டார்கள். உவரைக் கொஞ்சம் தாங்குவது பாமரோசா என்ற இன்னொரு எண்ணெய்ப் புல். வரும் ஆடியில் ஒரு மாவில் மட்டும் போட்டுப் பார்ப்பதாகத் தீர்மானம்.

தூர் வேண்டுவோர் வைகாசிக்குள் பெயர் கொடுக்கவும். சந்தா பாக்கி உள்ளவர்களுக்குப் பாக்கி கட்டியபின்தான் தூர். இந்தப் புல் ஐந்து ஆண்டு நிற்கும், குத்தகைக்காரர்கள் நிலத்துக்காரரிடம் பேசி முடித்துவிட்டு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்