வில்லங்கம்

டெட்ராய்ட் பக்கம்
ஞாயிறு மாலை, வெளியே பனி

அன்புள்ள தலைவா,

திட்டாதே. ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆயிற்று என்று எனக்கும் தெரியும். நீ அனுப்பும் காலை வணக்கத்துக்கெல்லாம் நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவது கடிதத்தில் சேராது என்பதும் தெரியும். இடது முழங்காலுக்கு ஆபரேஷன் முடிந்தது, வலது வரிசையில் நிற்கிறது. உன் சர்க்கரை எப்படி? மெஸ் செயலாளர் மறுபடி தாத்தா ஆகிவிட்டானாமே, பாயசத்தில் முந்திரியை எண்ணித்தான் போட்டானா? சரி, நலம் விசாரித்தாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டை விற்கப் போகிறோம். மாடிப்படி இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல் இங்கேயும் பழைய கட்டைத் தோண்டுவார்கள். தோண்டியதில் 1946இல் இந்தப் பகுதியை மனை பிரித்தபோது எழுதிய நிபந்தனைகள் வந்தன. கோழி வளர்க்கக் கூடாது. முன்பக்கம் வேலி போடக் கூடாது. கொட்டகையில் குடியிருக்கக் கூடாது. அப்புறம், அதே எழுத்தில், அதே நிதானத்தில் இன்னொன்று: வெள்ளை இனத்தவர் தவிர வேறு யாரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு.

27 வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன் தலைவா. கோழிக்கும் வேலிக்கும் நடுவில் என்னை வைத்திருக்கிறார்கள், நான் பார்த்ததே இல்லை. என் மனைவி கண்ணாடியைப் போட்டு ஒருமுறை படித்துவிட்டுச் சொன்னாள்: "சமையல், பாத்திரம், துணின்னு பாத்தா நான் விலக்குல வந்துடுவேன். நீங்கதான் சட்டவிரோதம்."

சிரித்தோம். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து நூலகமே கதி. ரிட்டயர் ஆனவனுக்கு ஒரு வேலை கிடைத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், நீயும் கல்வெட்டு படிக்கிறேன் என்று ஆறு மாசம் அலைந்தவன்தானே.

முதலில் கிடைத்ததே எங்கள் ஊர் வழக்கு. டெட்ராய்ட்டில் ஸீபால்ட் தெரு. மெக்கீ என்கிற கறுப்பினத் தம்பதி 1944இல் அங்கே வீடு வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இதே மாதிரி ஒரு வரியைக் காட்டி, காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். கீழே எல்லாக் கோர்ட்டிலும் மெக்கீ தம்பதிக்குத் தோல்வி. செயின்ட் லூயிஸ் நகரத்தில் இதே மாதிரி நடந்த ஷெல்லி வழக்கோடு சேர்ந்து இது உச்சநீதிமன்றம் போனது. மெக்கீக்காக வாதாடியவர் தர்குட் மார்ஷல் என்கிற கறுப்பின வழக்கறிஞர். 1948 மே மாதம் தீர்ப்பு: இப்படிப்பட்ட நிபந்தனையை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது. ஆறு நீதிபதிகளும் ஒருமனதாக. ஏன் ஆறு, மொத்தம் ஒன்பது பேராயிற்றே என்பாய். மூன்று பேர் விலகிக்கொண்டார்கள், காரணம் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பத்திரத்திலும் இந்த வரி இருந்திருக்கும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

தீர்ப்பு வந்ததோடு சரியாகிவிடவில்லை. அமல்படுத்தக் கூடாது என்றார்களே தவிர, எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. தவிர, பத்திரம் கைவிட்டால் வேறு வழியா இல்லை! இங்கே ஏரிக்கரையில் க்ராஸ் பாயிண்ட் என்று பணக்காரப் பேட்டை ஒன்று இருக்கிறது. அங்கே வீடு வாங்க வருகிறவர்களுக்கு வீட்டுத் தரகர்கள் துப்பறிவாளரை விட்டு விசாரித்து மார்க் போட்டிருக்கிறார்கள். உச்சரிப்பு எப்படி, பெயர் எப்படி, வாழ்கிற முறை அமெரிக்க முறையா, மேல்நிறம் எவ்வளவு கறுப்பு. 50 எடுத்தால் பாஸ். போலந்துக்காரருக்கு 55 வேண்டும். யூதருக்கு 85. கறுப்பர்களுக்கும் ஆசியாக்காரர்களுக்கும் பரீட்சையே கிடையாது. 1960இல்தான் இது வெளியே வந்து நாறியது. நம் கும்பலுக்கு மார்க் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், ஒருத்தனுக்கும் ஹால் டிக்கெட்டே வரவில்லை.

நான் இங்கே வந்த புதிதில், 1950கள்தான் இந்த நாட்டின் பொற்காலம் என்று ஆபீஸில் வயதான வெள்ளைக்காரர்கள் சொல்வார்கள். ஒரு சம்பளத்தில் வீடு, கார், நாலு பிள்ளைகள், கோடையில் ஏரிக்கரைக் குடில். பொய்யில்லை, அவர்களுக்கு அப்படித்தான் இருந்தது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கு முன்பணமே இல்லாமல் வீட்டுக்கடன் கிடைக்க அரசாங்கம் ஜாமீன் நின்றது. அந்த ஜாமீன் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? 1947இல் மிஸிசிப்பியின் 13 நகரங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் கடைக்கும் பண்ணைக்குமாக 3,229 கடன். அதில் கறுப்பினச் சிப்பாய்களுக்குப் போனது 2. சதவீதம் போடாதே, இரண்டே இரண்டு கடன்.

உனக்கு வறுமைக்கோடு என்றால் உசுராயிற்றே, வழங்கல் துறையில் முப்பது வருஷம் கார்டைப் பிரித்துக் கொடுத்தவன். இங்கே அந்தக் கோட்டைப் போட்டது மாலி ஒர்ஷான்ஸ்கி என்கிற அரசு ஊழியர், தானும் வறுமையில் வளர்ந்த பெண்மணி. 1960களின் தொடக்கத்தில் போட்டார். கணக்கு ரொம்ப எளிது: இருப்பதிலேயே மலிவான சாப்பாட்டுத் திட்டத்தின் செலவு, பெருக்கல் மூன்று. அந்தச் சாப்பாட்டுத் திட்டமே கைமுடையான காலத்தில் தற்காலிகமாகச் சமாளிக்க விவசாயத் துறை வகுத்தது. விலைவாசிக்கு ஏற்ப நகர்த்தி நகர்த்தி இன்றைக்கும் அதே கோட்டைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பின்னால் கொண்டுபோய் 1959க்குப் பொருத்தினால், பொற்காலத்தின் உச்சத்தில், ஏறக்குறைய 4 கோடிப் பேர் கீழே. நூற்றுக்கு 22. கறுப்பர்களை மட்டும் எடுத்தால் 55. தலைக்கணக்கில் வெள்ளைக்கார ஏழைகள்தான் அதிகம். கென்டக்கி மலையில் சுரங்க வேலை போய், கார் கம்பெனியில் வேலை கிடைக்குமென்று டெட்ராய்ட்டுக்கு வந்து காஸ் அவென்யூ பக்கம் ஒற்றை அறைகளில் அடைந்து கிடந்தவர்கள் ஏராளம். அவர்களைக் கேலி செய்யவும் தனிப் பெயர் இருந்தது. ஆனால் அவர்கள் காசு சேர்த்துப் புறநகரில் மனை கேட்டால், பத்திரம் குறுக்கே நிற்கவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

சரி, புள்ளிவிவரம் போதும். ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். முழங்கால் பயிற்சிக்குப் போகிறேன் இல்லையா, பக்கத்து சைக்கிளில் ஒரு கறுப்பினப் பெரியவர், 75 வயது, வார்ப்படச் சாலையில் உழைத்து ரிட்டயர் ஆனவர். அவர் அப்பா 1943இல் போர்க்காலத் தொழிற்சாலை வேலைக்காக அலபாமாவிலிருந்து வந்தவர். அந்தக் காலத்தில் கறுப்பர்களுக்கு வார்ப்படமும் பெயின்ட் அடிப்பதும்தான், எங்கே புகையோ அங்கே அவர்கள். குடியிருந்தது ஹேஸ்டிங்ஸ் தெருவில். கடை, சர்ச், பாட்டுக் கச்சேரி என்று ராத்திரி பகல் தெரியாத தெருவாம். சேரி ஒழிப்பு என்று ஒருபக்கம் இடித்தார்கள், நெடுஞ்சாலை வருகிறது என்று தெருவையே எடுத்துவிட்டார்கள். விமான நிலையத்துக்கு ஆள் கூப்பிடப் போய்வரும்போது சில சமயம் நானும் அந்தத் தெருவின் மேல்தான் ஓட்டியிருக்கிறேன்.

அங்கிருந்து எல்லோரும் 12ஆம் தெருவில் போய் நெருக்கியடித்தார்கள். அவர் அப்பாவுக்கு எந்த வங்கியும் கடன் தரவில்லை, கறுப்பர்கள் குடியிருக்கும் பகுதி என்றால் கடனுக்கு ஆபத்து என்று அரசு வரைபடத்திலேயே சிவப்பு அடித்திருந்த காலம். ஒப்பந்தத்தில் வீடு வாங்கினார். மாசாமாசம் தவணை. கடைசித் தவணை கட்டினால்தான் பத்திரம் கைக்கு வரும், நடுவில் தவறினால் கட்டியது அத்தனையும் போச்சு. பதினோரு வருஷம் கட்டி, கால் உடைந்து வேலைக்குப் போக முடியாத இரண்டு மாசத்தில் வீடு போனது. இதைச் சொல்லும்போது அவர் சைக்கிள் மிதிப்பதை நிறுத்தவில்லை.

1967 ஜூலை 23, ஞாயிறு விடியற்காலை, அதே 12ஆம் தெருவில், லைசன்ஸ் இல்லாத ஒரு மதுக்கூடத்தில் போலீஸ் நுழைந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய இரண்டு பையன்களுக்கு உள்ளே விருந்து நடந்துகொண்டிருந்தது. அத்தனை பேரையும் கைது செய்தார்கள். ஐந்து நாள் ஊர் எரிந்தது. 43 பேர் செத்தார்கள், அதில் 33 பேர் கறுப்பர்கள். 7,000 பேருக்கு மேல் கைது. ராணுவம் இறங்கியது. பெரியவருக்கு அப்போது 17 வயது. நான் அறியாமல் "கலவரத்தின்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்" என்று கேட்டுவிட்டேன். "எழுச்சி" என்றார். திருத்தினார், அவ்வளவுதான், கோபமில்லை. ஊரில் யார் அதை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்பதை வைத்தே எந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் என்று சொல்லிவிடலாமாம்.

அவர் சொல்லித்தான் எட்டு மைல் சாலைப் பக்கம் ஒரு சுவரைப் பார்க்கப் போனேன். 1941இல் கட்டியது. ஆறடி உயரம், அரை மைல் நீளம். இந்தப் பக்கம் கறுப்பர்கள் ஏற்கெனவே குடியிருந்த பகுதி. அந்தப் பக்கம் வெள்ளையருக்கு வீடு கட்டப் புறப்பட்டவருக்கு, இவ்வளவு பக்கத்தில் அவர்கள் இருக்கிறார்களே என்று மத்திய வீட்டுக்கடன் அமைப்பு உத்தரவாதம் தர மறுத்தது. நடுவில் சுவர் எழுப்பினார், கிடைத்துவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் கறுப்பர்கள்தான். பூங்காவை ஒட்டிய பகுதியில் பிள்ளைகளும் ஓவியர்களுமாகச் சேர்ந்து படம் வரைந்திருக்கிறார்கள், பஸ், வீடு, சோப்புக்குமிழி. நான் கைவைத்துப் பார்த்தேன். 2008இல் உத்தப்புரம் தீண்டாமைச் சுவரை உடைத்த அன்று நீ போனில் பேசியது நினைவுக்கு வந்தது. "ஒரு ஜீப் போற அளவுக்குத்தான்டா ஒடச்சிருக்காங்க" என்றாய். நான் உடனே பேச்சை மாற்றி விசா பற்றி ஏதோ சொன்னேன்.

ஹாஸ்டலில் உன் சுவரில் அம்பேத்கருக்குப் பக்கத்தில் மார்ட்டின் லூதர் கிங் படம் ஒட்டியிருந்தாயே, "இவரு எந்தத் தொகுதி?" என்று நாங்கள் கிண்டல் செய்ததும் நீயும் சிரித்ததும் ஞாபகமிருக்கிறது. 1959இல் கிங் திருவனந்தபுரம் போனபோது ஒரு பள்ளித் தலைமையாசிரியர் அவரை, "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர்" என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தாராம். முதலில் அதிர்ந்துபோனாராம், கொஞ்சம் எரிச்சலும் வந்ததாம். யோசித்துவிட்டு, ஆமாம், நான் அதுதான் என்று உணர்ந்ததாக 1965இல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இதெல்லாம் உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். எனக்கு 65 வயதாக வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உறைத்தது. நான் இங்கே கால்வைக்க முடிந்ததே 1965 குடியேற்றச் சட்டத்தால்தான். அதற்கு முன் இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்று ஒதுக்கியிருந்தார்கள். கறுப்பர்கள் அடிபட்டு உதைபட்டு நாட்டை உலுக்கிய அதே அலையில்தான் அந்தக் கதவும் திறந்தது. கிங் சுடப்பட்டு ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில் வந்த வீட்டுச் சட்டத்தால்தான் இந்தத் தெருவில் எனக்கு யாரும் வீடில்லை என்று சொல்ல முடியவில்லை. அதில் நுழைந்து உட்கார்ந்துகொண்டு, டெட்ராய்ட் பக்கம் போகாதே, பயம் என்று புதிதாக வரும் நம் பையன்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

தலைவா, இதுவரை எழுதியது எல்லாம் எழுத வந்ததைத் தள்ளிப்போடத்தான்.

1984, மேற்கு மாம்பலம். இரண்டு பேருமாக மாடி அறை பார்த்தோமே, பச்சை ஜன்னல். வீட்டுக்காரர் உன்னிடம் எந்த ஊர் என்றார், அப்புறம் ஊரில் எந்தத் தெரு என்றார். நீ மறைக்காமல் சொன்னாய். "பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். மறுநாள் சாயங்காலம் நான் மட்டும் போனேன். "நீங்க மட்டும்னா தரலாம்" என்றார். உன்னிடம் வந்து, வேறு யாருக்கோ விட்டுவிட்டார்களாம் என்றேன். நீ திருவல்லிக்கேணி மேன்ஷனுக்குப் போனாய். மூன்று வாரம் கழித்து நான் அந்த அறைக்கே குடிபோனேன். அசோக் நகரில் மாமாவுக்குத் தெரிந்த இடம் என்று உன்னிடம் சொன்னேன்.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் ஆபீஸில் முகவரி கேட்டுக்கொண்டு ரொட்டி வாங்கி வந்தாய். மாடியேறி வந்து ஜன்னலைப் பார்த்தாய். ரொட்டியை மேசைமேல் வைத்தாய். "ரூம் காத்தோட்டமா இருக்குடா" என்றாய். வேறு ஒன்றுமே கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, நாற்பது வருஷத்தில் ஒருநாளும் கேட்கவில்லை. நீ திட்டியிருந்தால் என்றைக்கோ முடிந்திருக்கும். எத்தனையோ தடவை சொல்லிவிட நினைத்தேன். மெஸ் செயலாளர் கல்யாணத்தில் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டேன், அவன் வந்து முந்திரி கணக்கு கேட்டுக் கெடுத்துவிட்டான். சாக்குத்தான், வேறென்ன.

பத்திரத்துக்கு வருகிறேன். இந்த மாநிலத்தில் 2022இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. வீட்டு உரிமையாளர் ஒரு படிவம் கொடுத்தால் அந்த நிபந்தனை செல்லாது என்று பதிவு செய்துகொள்ளலாம். பழைய தாளைக் கிழிக்க மாட்டார்கள், அது அப்படியே இருக்கும், மேலே இன்னொரு தாள் சேரும். பையன் உடனே கொடு என்கிறான். இவள், வாங்குகிறவர்களும் ஒருமுறை படிக்கட்டுமே என்கிறாள். எனக்கு இரண்டும் சரியென்றே படுகிறது. நீ என்ன சொல்கிறாய்? படிவம் மேசைமேல் இருக்கிறது, விற்பனைக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும்.

கால் ஒத்துழைத்தால் ஜூனில் வருகிறேன். போன தடவை மாதிரி ஓட்டலில் தங்குவதாக இல்லை. உன் வீட்டில் இடம் கிடைக்குமா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்

பி.கு.: மெஸ் செயலாளரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. முந்திரி வரியை மட்டும் வேண்டுமானால் படித்துக் காட்டு.