எங்கள் பாக்டீரியாத் தட்டுகளைப் பார்க்க மறுநாள் அரை மணி நேரம் வேண்டும்

நுண்ணுயிரியல் துறைத் தலைவர் அவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம்.

சென்ற வாரச் செய்முறைத் தேர்வில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி, பாக்டீரியாவை நிறத்தால் இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயத்தை ஏற்றி, ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். கோல் வடிவச் செல்கள், ஊதா நிறத்திலும் இளஞ்சிவப்பு நிறத்திலும் கலந்து கிடந்தன. கண்டதை அப்படியே எழுதி, "வளர்ப்பு பழையதாக இருக்கலாம்" என்று ஒரு வரியும் சேர்த்தாள். எதிர்பார்த்த விடை 'கிராம் பாசிட்டிவ்', அதாவது எல்லாமே ஊதா, என்பதால் அவளுடைய மதிப்பெண் போயிற்று. அதே குழாயிலிருந்து எடுத்து, அதே கலப்பைப் பார்த்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் இருந்ததை எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

அவள் எழுதியதுதான் சரி. பாசில்லஸ் என்னும் கோல்வடிவ பாக்டீரியா இனங்கள், ஊடகத்தில் வளர்த்து 18 முதல் 24 மணி நேரமான வளர்ப்பில் ஊதா நிறத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வளர்ப்பு நாள்பட்டதாக இருந்தால் செல்சுவர் நலிந்துவிடுகிறது. ஆல்கஹால் பட்டதும் பல செல்கள் ஊதாவை விட்டுவிட்டு, அடுத்து ஊற்றும் சாஃப்ரனின் என்னும் சிவப்புச் சாயத்தில் சிவந்துவிடுகின்றன. இதை எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே நம் துறைதான். தேர்வு மேசையில் இருந்த சாய்வு அகார்க் குழாயின் (பாக்டீரியா வளரும் கூழ் சாய்வாக உறைந்த குழாய்) மேல் எழுதியிருந்ததோ முந்தைய வாரத்துத் தேதி.

திருத்தியவர் மீது குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. குழாய் ஏன் பழையதாக இருந்தது என்பதே என் கேள்வி. செய்முறை வகுப்பு வாரத்துக்கு ஒரு நாள்தான். மற்ற நாள்களில் ஆய்வகம் எங்களுக்குப் பூட்டிக் கிடக்கிறது. நல்ல ஊடகத்தில், உகந்த வெப்பத்தில் ஈ.கோலை பாக்டீரியா ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அதைப் படிக்க வந்த நாங்களோ ஏழு நாளுக்கு ஒருமுறை வந்து பார்க்கிறோம்.

இதனால் ஒரு மாணவருக்கு என்ன ஆகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பாக்டீரியா வளர்க்கும் பெட்ரி தட்டின் அடிப்பக்கத்தில் பெயரையும் தேதியையும் எழுதுகிறோம். லூப் என்ற கம்பி வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, பாக்டீரியாவைத் தொட்டெடுத்து, முதல் கால்பகுதியில் கோடிழுக்கிறோம். மறுபடி காய்ச்சி, தட்டைத் திருப்பி, முந்தைய கோடுகளின் நுனியைத் தொட்டு அடுத்த கால்பகுதிக்குப் போகிறோம். நான்காவது பகுதிக்கு வரும்போது செல்கள் ஒன்றையொன்று விட்டு விலகி விழ வேண்டும். ஒவ்வொன்றும் தனிக் காலனியாக, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக, வளர வேண்டும். கை அழுத்தம் கூடினால் அகார் கிழியும். காய்ச்ச மறந்தால் நான்கு பகுதிகளும் ஒரே படலமாகிவிடும். தட்டைக் கவிழ்த்து இன்குபேட்டரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

கோடிழுத்தது சரியா தவறா என்பதற்கான விடை மறுநாள் அந்தத் தட்டில் தெரியும். காலனியின் விளிம்பு, மேடு, பளபளப்பு, நிறம் எல்லாமே அப்போதுதான் படிக்கத் தக்க நிலையில் இருக்கும். அந்த நாளில் நாங்கள் அங்கே இல்லை. அடுத்த வாரம் வந்தால் காலனிகள் பரவி ஒன்றாகியிருக்கும், அகார் காய்ந்து ஓரம் சுருங்கியிருக்கும். பெரும்பாலும் தட்டே இருக்காது. இடமில்லை என்று, நுண்ணுயிரைக் கொல்லும் நீராவிக் கலனான ஆட்டோகிளேவில் போட்டுக் கழுவியிருப்பார்கள். பிறகு ரெக்கார்டு நோட்டில் 'கண்டறிந்தவை' என்ற தலைப்பின் கீழ் எதை எழுதுவது? சீனியர் மாணவரின் நோட்டில் இருப்பதைத்தான் எழுதுகிறோம். அதற்குக் கையெழுத்தும் கிடைத்துவிடுகிறது.

மூன்றாண்டுப் படிப்பு முடியப்போகிறது. தான் கோடிழுத்த தட்டில் தனிக் காலனி வந்ததா என்பதைக் கண்ணால் காணாமலேயே பட்டம் வாங்கப்போகிறவர்கள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: செய்முறை வகுப்புக்கு மறுநாள் அரை மணி நேரம் ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள்.

இதை நேரில் கேட்டபோது, காலம் தாழ்த்திப் பார்த்ததால் கிடைத்த கண்டுபிடிப்புகளும் உண்டு என்று ஆசிரியர் ஒருவர் சொன்னார். உண்மைதான். 1982-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையிலிருந்து எடுத்த மாதிரிகளை வளர்க்க முயன்றபோது, வளர்ச்சி தெரியாத தட்டுகள் இரண்டு நாளில் கழிக்கப்பட்டுவந்தன. ஈஸ்டர் விடுமுறையில் கூடுதல் நாள் விட்டுவைத்த தட்டில்தான் பின்னாளில் ஹெலிகோபாக்டர் பைலோரி எனப் பெயர் பெற்ற பாக்டீரியா தென்பட்டது; 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தத் தட்டு கழுவப்படாமல் இருந்தது. அதை எடுத்துப் பார்க்க ஆளும் இருந்தார். இரண்டு நாளில் எதுவும் வரவில்லை என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் இப்போது வந்தது புதிது என்று புரிந்தது. முதல் நாளைப் பார்க்காதவருக்கு ஆறாம் நாள் என்ன சொல்லும்?

பாதுகாப்பு என்ற காரணமும் சொல்லப்படுகிறது. அதை மதிக்கிறோம், யாரும் மேற்பார்வையின்றி நுழைய வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. இளநிலை வகுப்பில் நாங்கள் கையாள்பவை பெரும்பாலும் நோயுண்டாக்காத ஆய்வக வகைகள். மூடியைத் திறக்காமலேயே காலனிகளைப் பார்க்க முடியும். ஓர் ஆசிரியரோ ஆய்வக உதவியாளரோ உடனிருந்தால் போதும். கால அட்டவணையில் செய்முறை நேரத்தைப் பிரித்து அடுத்தடுத்த இரு நாள்களில் வைத்தால் கூடுதல் ஆள்கூடத் தேவைப்படாது. எதுவுமே முடியாது என்றால், 24 மணி நேரம் ஆனதும் தட்டுகளை 4 டிகிரி செல்சியஸ் குளிர்ப்பெட்டிக்கு மாற்றிவைக்கச் சொல்லுங்கள். வளர்ச்சி பெருமளவு அடங்கிவிடும், அடுத்த வாரம் பார்க்க ஏதாவது மிஞ்சும். அது இரண்டாம் பட்சம்தான். மறுநாள் அரை மணி நேரம்தான் எங்களுக்கு வேண்டியது.

இந்தப் படிப்பில் சேர்ந்தபோது, மருத்துவமனை ஆய்வகம், மருந்து உற்பத்தி, உணவுப் பாதுகாப்பு என்று எங்களுக்குக் கதவுகள் பல காட்டினீர்கள். அங்கே எங்களிடம் என்ன எதிர்பார்ப்பார்கள்? எந்த மருந்து பாக்டீரியாவை அடக்கும் என்று பார்க்கும் வட்டு ஊடுருவல் முறையில் ஆன்டிபயாட்டிக் வட்டைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தை வழக்கமாக 16 முதல் 18 மணி நேரத்தில் அளக்க வேண்டும்; அந்த மில்லிமீட்டர் கணக்கை நம்பி மருத்துவர் ஒரு நோயாளிக்கு மருந்து எழுதுவார். மருந்துத் தொழிற்சாலையில் தூய அறையின் தட்டில் ஒரு காலனி இருந்தால் ஒன்று என்று எழுத வேண்டும். வழக்கமாக வருவதை எழுதினால் அது பொய்ப் பதிவு. எங்களுக்கோ மூன்று ஆண்டுகளாக வழக்கமாக வருவதை எழுதத்தான் பயிற்சி. ஒருத்தி மட்டும் கண்டதை எழுதினாள்; அவளுக்கு மதிப்பெண் குறைந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு இதைப் பட்டப்படிப்பு என்று எப்படிச் சொல்ல முடிகிறது என்று எங்கள் பெற்றோர் கேட்டால், எங்களிடம் பதில் இல்லை. துறையிடம் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பாடத்தை நேசிப்பதால்தான் கேட்கிறேன். பல மாணவர்கள் வேறு இடம் கிடைக்காமல் இங்கே வந்தவர்கள் என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது எங்கள் காதிலும் விழுகிறது. அப்படி வந்தவர்களில் எத்தனை பேர் நுண்ணோக்கியின் எண்ணெய் மூழ்கு வில்லையில் முதல்முறை தெளிவாகப் பார்த்த அன்று வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் நின்றார்கள் என்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த செமஸ்டர் கால அட்டவணை முடிவாவதற்கு முன், செய்முறைக்கு மறுநாள் அரை மணி நேரத்தை அதில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தேர்வுக்கு முந்தைய நாள் புது வளர்ப்பு எடுத்துவைக்கவும், அந்த மாணவியின் ஸ்லைடையும் விடைத்தாளையும் ஒன்றாக வைத்து மறுபடி பார்க்கவும் வேண்டுகிறேன். ஸ்லைடு அவளிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
இளநிலை நுண்ணுயிரியல் மூன்றாம் ஆண்டு மாணவி