மிளகுப் பாலில் தீராத தொண்டை: சபா செயலாளர்களுக்கு ஒரு மடல்

சென்னை சபாக்களின் மதிப்புக்குரிய செயலாளர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் சீசன் கச்சேரிப் பட்டியல் போடும் நேரம், உங்களுக்கு மூச்சுவிட முடியாது. இருந்தாலும் அச்சுக்கு அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன டிசம்பரில் உங்களில் ஒருவருடைய மேடையில் பாட வேண்டிய பகல் கச்சேரியை இரண்டு நாள் முன்னதாக ரத்து செய்தேன். குரல்நாணில் இரத்தக்கசிவு. டாக்டர் மூக்கு வழியாகக் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டிய நாணில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு. பாடினால் தழும்பாகிவிடலாம், ஒரு வாரம் வாய் திறக்கவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். சான்றிதழை அனுப்பினேன். ‘மிளகுப் பால் குடித்துவிட்டு எல்லோரும் பாடத்தானே பாடுகிறார்கள்?’ என்று பதில் வந்தது. இந்த வருடப் பட்டியலில் நான் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

அந்த ஒரு வாரம் வீட்டில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் காட்டினேன். மகளுக்கு ஐந்து வயது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு ராத்திரி கனவு கண்டு அழுதாள். ‘ஒண்ணுமில்ல கண்ணு’ என்று சொல்ல முடியாமல் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம் இரண்டு மாதம் குரல் பயிற்சி. தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு ஸட்ஜத்தை, அதாவது ‘ஸ’ ஸ்வரத்தை, ஊத வேண்டும். இருபது வருடம் பாடியவள் உட்கார்ந்து குமிழி விட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஐந்து கட்டை சுருதி, அதாவது ஹார்மோனியத்தின் ஐந்தாவது வெள்ளைக் கட்டைதான் என் ‘ஸ’. மேல் ஸட்ஜத்தில் நிற்கும்போது நாண்கள் நொடிக்கு 390 முறைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. மானிட்டர் ஸ்பீக்கர் வேலை செய்யாத மேடையில் என் குரல் எனக்கே கேட்காது. மிருதங்கத்தைத் தாண்டி இன்னும் அழுத்திப் பாடுவேன். நாண் என்ன செய்யும்?

வயலினில் தந்தி அறுந்தால் சபையே காத்திருக்கிறது. புதுத் தந்தி போட்டுச் சுருதி சேர்த்ததும் கைதட்டல் வேறு. எங்கள் தந்தி கடையில் கிடைக்காது. கேண்டீனில் ஒரு நாள் கீரை வடை இல்லையென்றால் வருத்தம் தெரிவித்து போர்டு வைக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். பகல் கச்சேரிச் சன்மானத்தில் பக்கவாத்தியத்துக்குக் கொடுத்தது போக ஆட்டோவுக்கே மிஞ்சாது என்பதை இங்கே எழுத ஆரம்பித்தால் மடல் முடியாது.

சரி, வடையை விடுங்கள். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். டாக்டர் சான்றோடு விலகுகிறவருக்கு மாற்றுத் தேதி கொடுங்கள். டிசம்பரில் இடமில்லையா, பிப்ரவரியில் கொடுங்கள். அடுத்த வருடப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்காதீர்கள்.

போன வாரம் என் மாணவி ஒருத்தி கரகரத்த குரலோடு வந்தாள். டாக்டரிடம் போகச் சொன்னேன். ‘போனா பாடாதேன்னுடுவார் அக்கா. சீசன் முடியட்டும்’ என்றாள். மாற்றுத் தேதி உண்டு என்று தயவுசெய்து ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அவளிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பகல் கச்சேரிப் பாடகி