பாப்பாவுக்காக நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

பிறக்கும்போதே பாப்பாவின் மூக்கோரத்தில் இருந்த பிளவை மூடிப் போட்ட தையலை இன்று காலை பிரித்துவிட்டார்கள். துவாரம் சுருங்காமல் இருக்க ஒரு சின்ன சிலிக்கான் குழாய் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். நன்றாக மூச்சு விடுகிறாள், பால் குடிக்கிறாள். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பயிற்சி டாக்டர் தம்பிக்கு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் படம் எடுக்க வந்தார். நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும், அப்புறம் தலையை அண்ணாத்திப் பிடித்துக் கீழேயிருந்து ஒன்று. பிளவு எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிவதற்கான படங்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அவளைப் படம் எடுத்ததில்லை, பெயர் வைத்த அன்றுகூட. முடித்துவிட்டு, "அக்கா, உங்க போனைக் குடுங்க, பாப்பாவை மடியில வச்சுக்கோங்க" என்றார். எதுக்குத் தம்பி என்றேன். "இது ஃபைலுக்கு இல்லக்கா, உங்களுக்கு. நாளைக்கு மூக்கு மாறிடும். இதுவும் உங்க பொண்ணு முகம்தானே" என்றார். நாக்கைச் சொடுக்கிக் காட்டினார், அவள் வாய் நிறையச் சிரித்தாள். எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வார்டுக்கு ஓடிவிட்டார். தியேட்டர் வாசலில் நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்தப் படத்தைத்தான்.

பெரிய டாக்டரம்மாவுக்கும் நன்றி. ஊரே விசித்திரமாகப் பார்த்த பிளவுக்கு, பால் டெஸியர் என்ற பிரெஞ்சு டாக்டர் 1976-லேயே எண் போட்டு வைத்திருக்கிறார், முகத்தில் பிளவு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து 0 முதல் 14 வரை, இவளுடையது 1 என்றார். இதை முன்பே பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய தெம்பு. மூக்கின் பக்கத்துத் தோலையே திருப்பி மூடி, காதிலிருந்து துளி குருத்தெலும்பு எடுத்து ஓரத்துக்குத் தாங்கல் வைக்கப் போவதைத் தாளில் வரைந்தும் காட்டினார். மயக்க டாக்டர், பசியில் அழுதவளைத் தோளில் போட்டு நடந்த நர்ஸம்மாக்கள், காப்பீட்டு கவுன்டரில் இருந்த அண்ணன், சோறு கட்டிக்கொண்டு வந்த அண்ணி, உங்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

கர்ப்பத்தில் 4 முதல் 8 வாரத்துக்குள்ளேயே குழந்தையின் முகம் கூடிவிடுமாம். ஏன் ஓரிடத்தில் மட்டும் கூடாமல் போகிறது என்பதற்குப் பெரும்பாலும் காரணமே தெரிவதில்லையாம். எனக்கோ ஏழாம் மாதத்துக் கிரகணத்தில் வெளியே போனதாகப் பழி. எவ்வளவு ராத்திரி அதை நம்பி அழுதிருக்கிறேன்! இனி என் காதுபட எந்தப் பெண்ணையும் அப்படிச் சொல்ல விடமாட்டேன். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் அந்த அம்மாவை என்னிடம் அனுப்புங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூடவே போகிறேன்.

மூக்கு வளர வளர இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சரி, வருவோம். அதற்குள் அவளுக்கு விவரம் தெரிந்திருக்கும். தம்பி எடுத்த படத்தை அவளிடமிருந்து ஒளிக்க மாட்டேன்.

நன்றியுடன்,
பாப்பாவின் அம்மா